தருமி கொண்டுபோன பாட்டு

தருமியை நாங்கள் சிரிப்போடுதான் நினைவில் வைத்திருக்கிறோம். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் அவரை அப்படி ஆக்கிவிட்டார். எதிரே நக்கீரராக நின்றவர் படத்தை இயக்கிய ஏ. பி. நாகராஜனே. பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் வரும் தருமி இவ்வளவு வேடிக்கையானவன் அல்லன். தாய் தகப்பனை இழந்த ஆதிசைவப் பிரமசாரி. கலியாணம் செய்ய வழியில்லை. பாண்டியன் சங்க மண்டபத்தில் தூக்கிவைத்த பொற்கிழியை நினைத்து ஆலவாய்க் கோயிலில் போய் அழுகிறான். இறைவன் ஒரு பாட்டை எழுதிக் கையில் கொடுக்கிறார். அவையில் நக்கீரர் அந்தப் பாட்டில் குற்றம் சொன்ன உடனே தருமிக்கு வாயடைத்துப் போகிறது. பாட்டுப் பிழையாக இருந்ததால் அடைக்கவில்லை. பாட்டு அவனுடையதாக இல்லாததால் அடைத்தது. திரும்பக் கோயிலுக்கே ஓடுகிறான். இறைவன் புலவராக வந்து மண்டபத்தில் நின்ற பிறகுதான் வழக்குத் தொடங்குகிறது. நக்கீரரின் துணிவுக்காகவும் ஆண்டவனின் விளையாட்டுக்காகவும் இந்தக் கதையை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். எனக்கு இதில் உறுத்துவது வேறு: இறைவனே எழுதிய பாட்டுக்கும், அவையில் அதன் பக்கத்தில் நின்று பதில் சொல்ல ஓர் ஆள் ஏன் தேவைப்பட்டது?

இந்தக் கேள்வி இன்று மிகத் துலக்கமாக எழும் இடம் கோயிலோ தமிழ்ச் சங்கமோ அல்ல. திறந்த மூல மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்பும் வழக்கம். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கருநிரலை எடுத்துக்கொள்வோம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், உடையார்கட்டில் பஸ்ஸுக்கு நிற்பவரின் கையிலிருக்கும் அன்ட்ராய்டு கைபேசிக்கு அடியில் ஓடுவதும் அதுதான். அதில் ஒரு பிழையைக் கண்டவர் நேரே போய் நிரலைத் திருத்த முடியாது. திருத்தத்தை ஒரு மின்னஞ்சலாக எழுதி, அந்தப் பகுதியின் பராமரிப்பாளருக்கும் அதைக் கவனிக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நேரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அனுப்புகிறார். நீக்கும் வரிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி, இடம் தெரிவதற்கு மேலும் கீழும் பழைய வரிகள் சில. இதற்குப் பேட்ச் என்று பெயர். கிழிந்த துணிக்கு வைக்கும் ஒட்டுத்தான். ஆனால் ஒட்டுக்கு மேலே ஒரு கடிதம் இருக்க வேண்டும்: என்ன பிழை, அது யாரை எப்படிப் பாதிக்கிறது, ஏன் இந்த வழியில் திருத்தினேன். கடிதத்தின் அடியில் ஒரு கையொப்ப வரி. பதில் எழுதுபவர்கள் வரிக்கு வரி இடையில் புகுந்து கேட்பார்கள். அனுப்பியவர் விளக்குவார், அல்லது ஒத்துக்கொண்டு இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என்று மறுபடி அனுப்புவார். ஒவ்வொரு முறையும் முந்தியதிலிருந்து மாற்றியது என்ன என்று எழுதியாக வேண்டும். பத்தாவது வடிவத்தில் ஏற்கப்பட்டவையும் உண்டு, ஏற்கப்படாமலே போனவை ஏராளம்.

அந்தக் கையொப்ப வரிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2003இல் எஸ்கோ என்ற நிறுவனம், தனக்குச் சொந்தமான யுனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் புகுந்துவிட்டது என்று ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த வரி யார் கையால் எந்த வழியாக வந்தது என்று காட்ட வேண்டிய நிலை வந்தபோது, 2004இல் டோர்வால்ட்ஸ் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். இதை நானே எழுதினேன், அல்லது கொடுக்கும் உரிமையோடு பெற்றேன். இந்தப் பதிவு என் பெயரோடு பொதுவில் நிலைத்திருக்கும் என்று அறிவேன் — கையொப்பத்தின் பொருள் சுருக்கமாக இதுதான். வள்ளுவரைப் படித்தவருக்கு இங்கே ஓர் உறுத்தல் வர வேண்டும். சொல்பவன் யார் என்று பாராமல் சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று பார்ப்பதே அறிவு என்று அறிவுடைமை அதிகாரம் சொல்கிறது. நிரல் வெளிப்படையாகக் கண்முன்னே கிடக்கிறது, ஓட்டிப் பார்க்கலாம், சரியென்றால் எடுக்கலாம், பிழையென்றால் எறியலாம். பிறகு யார் எழுதினால் என்ன? பெயரைக் கேட்பது, ஊரையும் குலத்தையும் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்கும் எங்கள் பழைய நோயின் புதிய வேடம் இல்லையா?

சைவ சித்தாந்தம் அறிவுக்குச் சொல்லும் அளவைகள் இங்கே உதவுகின்றன. காட்சி, கருதல், உரை என்று மூன்று. திருத்தத்தை ஓட்டிப் பார்ப்பது காட்சி. இந்த வரி இப்படி இருப்பதால் இன்ன நிலையில் இப்படித்தான் நடக்கும் என்று காரணம் கொண்டு துணிவது கருதல். இரண்டும் வேண்டும், இரண்டும் போதாது. கோடிக்கணக்கான கருவிகளில் ஓடும் நிரலை எல்லா நிலைகளிலும் யாரும் ஓட்டிப் பார்க்க முடியாது. காரணம் காட்டுபவரும் தம் கண்ணுக்குப் பட்ட நிலைகளுக்குத்தான் காரணம் காட்டுவார். பத்து வருடம் பேசாமல் கிடந்துவிட்டு ஒரு நாள் உடையும் வரிகள் உண்டு. காட்சியும் கருதலும் எட்டாத அந்த மிச்சத்துக்குத்தான் உரை வேண்டியிருக்கிறது: நான் இதை அறிந்தே செய்தேன், உடைந்தால் என்னிடம் வாருங்கள் என்ற சொல். ஆகவே வள்ளுவர் தள்ளிய ‘யார்’ வேறு, கையொப்பம் கேட்கும் ‘யார்’ வேறு என்பது என் துணிபு. முன்னது பிறப்பையும் பதவியையும் கேட்கிறது. பின்னது நாளைக்கும் இங்கே நிற்பாயா என்று கேட்கிறது. இந்த வேறுபாட்டை அந்த வழக்கமே கடைசியில் கண்டுகொண்டது: 2023இல் லினக்ஸின் விதி, உண்மைப் பெயர் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, அறியப்பட்ட அடையாளம் இருந்தால் போதும் என்று மாற்றி எழுதப்பட்டது. புனைபெயரும் ஆகும், கூப்பிட்டால் ஏன் என்று கேட்கும் பெயராக இருக்க வேண்டும். அநாமதேயம் மட்டும் ஆகாது.

இது எங்களுக்குப் புதிதும் அல்ல. இறையனார் களவியல் உரையின் தொடக்கத்தில் ஒரு வியப்பான பகுதி இருக்கிறது: இந்த உரை நக்கீரரிடமிருந்து அவர் மகனுக்கு, அவரிடமிருந்து இன்னாருக்கு, அவரிடமிருந்து இன்னாருக்கு என்று முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை பெயர் பெயராக வருகிறது. கையொப்ப வரிகளின் அடுக்கை முதன்முதலில் பார்க்கும் தமிழ் மாணவருக்கு இது நினைவுக்கு வராமல் போகாது. லினக்ஸிலும் திருத்தம் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஏறும்போது ஒவ்வொருவரும் தம் வரியை அடியில் சேர்த்துவிட்டுத்தான் மேலே அனுப்புகிறார். தொல்காப்பிய அரங்கேற்றத்தைப் பற்றி நச்சினார்க்கினியர் சொல்லும் கதையும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. சீடன் மேல் கோபங்கொண்ட அகத்தியர் அந்த நூலைக் கேட்க வேண்டாம் என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவிடுகிறார். ஆசானுக்குத் தருமசங்கடம்; கேட்கவும் வேண்டும், குருவின் சொல்லும் தப்பக்கூடாது. நூலைக் கேட்டு, கேட்ட இடமெல்லாம் குற்றம் சொல்வது என்று முடிவு செய்கிறார். அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தொல்காப்பியர் விடை சொல்லி நிற்கிறார். நூல் அரங்கேறியது அதன் சூத்திரங்களால் மட்டுமல்ல, அந்த விடைகளாலும்.

சரி, ஆள் நிற்கட்டும். ஏன் கெஞ்ச வேண்டும்? பிழை தெரிகிறது, திருத்தவும் தெரிகிறது. அப்பர் சுவாமிகள் உழவாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கோயில் வீதியின் புல்லைச் செதுக்கினார். யாருக்கும் மனுப்போட்டதாகத் தெரியவில்லை. தொண்டு செய்ய அனுமதி எதற்கு என்பது நியாயமான கேள்வி. இதற்கு வன்னிக் கமக்காரரிடம் நல்ல விடை உண்டு. புல் வேறு, குளக்கட்டு வேறு. ஒரு குளத்தின் கீழ் விதைப்பவர்கள் போகம் தொடங்கு முன் கூட்டம் கூடுகிறார்கள். நீர்ப்பாசன, கமநல அதிகாரிகளும் இருப்பார்கள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது, மாடுகளை எந்தத் தேதிக்கு முன் அப்புறப்படுத்துவது என்று அங்கேதான் முடிவாகிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அதற்கு முந்திய ஊர்வழமைகளுக்குத் திரும்பவும் உயிர் கொடுத்தது. இன்று கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட நிலை தருவது 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம். துருசில் கசிவைக் கண்ட ஒருவர், தம் கணிப்புச் சரியாகவே இருந்தாலும், இராவோடு இராவாகக் கட்டை வெட்டித் திருத்த முடியாது. கட்டுக்குக் கீழே மற்றவர்களின் வயலும் வீடும் கிடக்கின்றன. அவர் சரியாகச் செய்தாரா என்பது விடிந்த பிறகுதான் தெரியும். தெரியும்போது அதற்கான விலையை அவர் மட்டும் கொடுக்கப் போவதில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இரணைமடுவின் வான்கதவுகள் எந்த நேரம் யாருடைய முடிவில் திறக்கப்பட்டன என்று கிளிநொச்சியில் எழுந்த சர்ச்சையை மறந்தவர்கள் குறைவு. முடிவு சரியா பிழையா என்பதைப் போலவே, எந்த அவையில் எந்தப் பெயரில் அது எடுக்கப்பட்டது என்பதும் மக்களுக்கு முக்கியமாகப் பட்டது. மென்பொருள் திருத்தம் இந்த இனத்தைச் சேர்ந்தது. பிறர் நம்பியிருக்கும் ஒன்றைத் தொடுவதால் அது கொடையாக இருக்கும்போதே விண்ணப்பமாகவும் இருக்கிறது.

கொடை கொடுப்பவனை உயர்த்தும். கல்வெட்டு, கும்பாபிஷேக மலர், மின்விசிறியின் இறக்கையில்கூட உபயகாரர் பெயர்: நாங்கள் அறிந்த கொடையின் இயல்பு அது. திருத்தம் அனுப்புபவர் கொடுக்கும்போதே கீழே நிற்கிறார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை வாங்குபவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கொடுக்கத் தொடங்குகிறார். பாணர் வாசலில் காத்திருந்ததை விட இது கடினம், ஏனென்றால் பாணர் கேட்டது பரிசில். இவர் காத்திருப்பது தன் உழைப்பைத் தானமாகக் கொடுப்பதற்கு. இதில் ஓர் ஆன்மிகப் பயிற்சி இருக்கிறது என்று சொன்னால் மிகையாகப் படலாம், ஆனால் நன்னூலார் இதை ஆசாரமாக அல்லாமல் முறையாகவே வகுத்துவிட்டார். நூலாசிரியன் கொள்ளத்தக்க ஏழு மதங்களில் பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவதும் ஒன்று. பிறர் கொள்கையை ஏற்றுப் பிறகு களைவதும், இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணிவதும் அங்கேயே வருகின்றன. குற்றம் காட்டுவது பகை அல்ல, நூல் செய்வதன் ஒரு பகுதி. நக்கீரர் கதையின் பின்பாதியை நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம். நெற்றிக்கண் நெருப்பில் வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுந்த கீரனை இறைவன் கரையேற்றியதோடு கதை முடியவில்லை. அடுத்த படலத்தில் அகத்தியரை வரவழைத்து அவனுக்கு இலக்கணம் படிப்பிக்க வைக்கிறார். குற்றம் கண்டவனுக்கும் ஒரு திருத்தம் வந்தது. புராணகாரர் நெற்றிக்கண்ணை விட அந்த வகுப்பறையைத்தான் பெரிய அருளாக நினைத்தாரோ என்று தோன்றுகிறது.

இலங்கையில் இந்த வழக்கம் வெறும் கணினிக்காரர் பொழுதுபோக்காக இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போன சில நாட்களுக்குள் இந்தத் தீவின் நிரலாளர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து சகானா என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமற் போனவர்களின் பதிவு, முகாம்களின் பதிவு, எங்கே என்ன உதவி தேவை என்ற பதிவு. திறந்த மூலமாக இருந்ததால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், பிறகு 2010இல் ஹெய்ட்டிக்கும் அது போய்ச் சேர்ந்தது; கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. இப்படிப்பட்ட மென்பொருளில் ஒரு பிழையான திருத்தம் புகுந்தால், இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிடலாம். உயிரோடு இருப்பவர் இல்லாதவர் பட்டியலில் ஏறலாம். பட்டியலில் ஒரு பெயருக்கு என்ன கனம் என்று வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் இருந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கேட்டது பெரும்பாலும் ஒரு பதிவைத்தான்: 2009 மே மாதத்தில் படையினரிடம் கையளித்தோமே, யார் பொறுப்பெடுத்தது, அந்தப் பட்டியல் எங்கே. கையொப்பம் இல்லாமல் ஒன்று கைமாறுவதன் பொருள் அந்தக் கேள்வியில் முழுதாக இருக்கிறது. மென்பொருளையும் அந்தத் துயரத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. பெயர் கேட்பது வெறும் சடங்கு என்று சொல்பவர்களுக்கு இதைவிட வலிய மறுப்பு என்னிடம் இல்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, நிற்பதுபோல் நடிக்க முடியும் என்பது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், பிழை பொதிந்த திருத்தங்களைப் பொய்யான பெயர்களில் லினக்ஸுக்கு அனுப்பி, பராமரிப்பாளர்கள் ஏமாறுகிறார்களா என்று சோதித்தார்கள். 2021 ஏப்ரலில் விஷயம் பெரிதாகி அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் திருத்தங்களே நிறுத்தப்பட்டன, அங்கிருந்து முன்பு வந்த நல்ல திருத்தங்களையும் திரும்பவும் சலிக்க வேண்டியதாயிற்று, ஆய்வுக்கட்டுரை மீளப்பெறப்பட்டது. ஏமாற்ற முடியும் என்று அவர்கள் சொன்னது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் உடைத்தது நிரலை அல்ல, உரையை. நம்பத் தகுந்த சொல் என்ற அளவையை உடைத்துவிட்டு, அளவை உடையக் கூடியது என்று கட்டுரை எழுதினார்கள். இதைவிடக் கனமான எதிர்வாதம் எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய நிரலை லாசே காலின் என்ற ஒருவரே சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் நல்ல திருத்தங்களை அனுப்பினார், கேட்டவற்றுக்குப் பதில் சொன்னார், பொறுமையாக நின்றார். வேறு சில பெயர்கள் வந்து காலினைத் தாமதத்துக்காகக் குத்திக்காட்டின. மனம் சோர்ந்திருப்பதாக அவரே 2022இல் எழுதினார். படிப்படியாகப் பொறுப்பு கைமாறியது. 2024இல் கள்ளக் கதவு வைக்கப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று சந்தேகப்பட்டு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தோண்டியதால் அது மார்ச் 29 அன்று வெளிவந்தது.

நின்று பதில் சொல்பவனை நம்பலாம் என்ற என் வாதத்துக்கு ஜியா டான் நேரடியான அடி. அதை மழுப்ப விரும்பவில்லை: நிற்பது உண்மைக்கு உத்தரவாதம் தராது, மூன்று வருடம் நின்றாலும் தராது. ஆனால் கள்ளக் கதவு எங்கே ஒளித்து வைக்கப்பட்டது என்று பாருங்கள். எல்லோரும் வரிக்கு வரி படிக்கும் திருத்தக் கடிதங்களில் அது இல்லை. சோதனைக்கென்று வைத்த, மனிதர் படிக்க முடியாத கோப்புகளுக்குள் ஒரு பாதி. வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்த்து, பொது நிரற்களஞ்சியத்தில் வைக்காத ஒரு கட்டமைப்புத் துணுக்கில் மறு பாதி. அதாவது அவையின் கண் படாத மூலை தேடிப் போக வேண்டியிருந்தது. அவையும்தான் அங்கே என்ன இருந்தது? களைத்த ஒரு மனிதர். நக்கீரர் ஒருவரே சங்கத்தின் நாற்பத்தொன்பது புலவர்களின் வேலையையும் செய்தால், தருமி அல்ல, யாரும் எதையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகலாம். இந்த விவகாரம் அனுப்புபவரை நம்பியதன் தோல்வி என்பதைவிட, வாங்குபவரைத் தனியாக விட்டதன் தோல்வி என்றே நான் படிக்கிறேன்.

இரண்டாவது எதிர்வாதம் மொழியும் வாயும். கடிதம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நிரல் நன்றாகத் தெரிந்த, ஆங்கில வசனம் தடுமாறும் முல்லைத்தீவு மாணவிக்கு இந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. திருத்தம் தனக்காகத் தானே பேசும் என்று சொல்லித் தப்ப முடியாது. காரணத்தைச் சொல் என்று இத்தனை பந்தி எழுதிவிட்டு அப்படிச் சொல்வது நேர்மையல்ல. வாயைப் பற்றியும் அப்படியே: டோர்வால்ட்ஸ் பல வருடம் ஆட்களைக் கிழித்து எழுதினார், 2018 செப்டெம்பரில் மன்னிப்புக் கேட்டுக் கொஞ்சக் காலம் விலகியிருந்தார், நடத்தை விதியும் அப்போதுதான் வந்தது. அவையஞ்சாமை பற்றி ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர் அவையறிதலுக்கும் ஒன்று வைத்தார். லினக்ஸ் அவையில் இருந்தவர்கள், பேசுபவன் அஞ்சாதிருக்க வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, அவைக்கு ஒரு கடமையும் இல்லை என்று இருந்துவிட்டார்கள். ஆயினும் மாற்று வழி என்ன? கதவே இல்லாத இடங்களையும் பார்த்திருக்கிறோம். எங்கள் ஆய்த எழுத்துக்கு யூனிகோடு வைத்த பெயர் விசர்க்கம். வடமொழி எழுத்துகளின் வரிசையில் இடம் பார்த்து வைத்த பெயர். பிழை என்று எல்லோருக்கும் தெரியும். வைத்த பெயரை ஒருபோதும் மாற்றுவதில்லை என்பது அங்கே விதி. பக்கத்தில் ஆய்தம் என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டிருக்கிறார்கள். எத்தனை நல்ல ஆங்கிலத்தில் எழுதினாலும் அது அப்படியேதான் கிடக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கடினமானது. 2024 அக்டோபரில், தடைச் சட்டங்களைக் காரணம் காட்டி, ரஷ்யத் தொடர்புடைய சில பராமரிப்பாளர்களின் பெயர்கள் லினக்ஸின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர்களின் நிரலில் குற்றம் சொல்லப்படவில்லை. கேட்டால் பதில் சொல்ல அவர்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் நாளைக்கும் நிற்பாயா என்ற கேள்வியைத் தள்ளிவிட்டு, எந்த நாட்டான் என்ற கேள்வி உள்ளே வந்து உட்கார்ந்தது. சட்டத்துக்குப் பணிவதைத் தவிர வழியில்லை என்று பராமரிப்பவர்கள் சொன்னது பொய்யல்ல. வள்ளுவர் தள்ளிய ‘யார்’ அதனால் நியாயமாகிவிடாது. சந்தேகத்துக்குரிய இனத்தவராக அடையாள அட்டையோடு வாழ்ந்து பழகியவர்கள் இதை வேறு யாரையும்விட விரைவில் புரிந்துகொள்வார்கள். பிடிக்காவிட்டால் நிரலைப் பிரித்துக்கொண்டு போகலாமே என்பார்கள்; குளத்துக்கு இல்லாத வசதி அது, உரிமத்தில் எழுதிய உரிமை. ஆனால் பிரித்துக்கொண்டு போகிறவன் தண்ணீரைக் கொண்டுபோகலாம், கூட்டத்தைக் கொண்டுபோக முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். 2005இல் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்ற பதிவேட்டுக் கருவி, எழுதியவர் பெயரையும் அதை உள்ளே சேர்த்தவர் பெயரையும் தனித்தனியாக வைக்கிறது. பட்டியலிலிருந்து போனவர்கள் எழுதிய வரிகள் அவரவர் பெயரோடு வரலாற்றில் அப்படியே இருக்கின்றன. உடையார்கட்டு என்ற எங்கள் ஊர்ப்பெயரில் உடையார் என்ற பதவி நிற்கிறது, கட்டு நிற்கிறது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இப்போது திருத்தங்களை இயந்திரம் எழுதத் தொடங்கிவிட்டது. பராமரிப்பாளர்களின் முறைப்பாடு, அவை எல்லாம் பிழை என்பதல்ல. சில நன்றாகவே இருக்கின்றன. இந்த வரி ஏன் என்று கேட்டால் அனுப்பியவர் திரும்ப இயந்திரத்திடம் ஓடுகிறார் என்பதுதான். திறந்த மூல இயங்குதளங்களில் ஜென்டூ 2024 ஏப்ரலிலும் நெட்பிஎஸ்டி அடுத்த மாதத்திலும் இத்தகையவற்றுக்குத் தடை போட்டன. ஃபெடோரா 2025இல் வேறு வழி எடுத்தது: எந்தக் கருவியாலும் எழுதுங்கள், பொறுப்பு அனுப்பியவருக்கு. இரண்டாவதே எனக்குச் சரியாகப் படுகிறது. முதலாவது பாட்டை யார் எழுதினார் என்று கேட்கிறது, இரண்டாவது யார் நிற்கிறார் என்று கேட்கிறது. மதுரையில் தருமி ஓடிப்போய் அழைத்தபோது எழுதியவர் எழுந்து வந்தார், தோற்றார், கோபப்பட்டார், பிறகு இலக்கணமும் சொல்லிக்கொடுக்க வைத்தார். பொற்கிழி கடைசியில் தருமிக்கே கிடைத்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டுக்குக் கீழே இருக்கும் பெயர் மட்டும் இறையனார்.